கூடம் யாருக்கெல்லாம் தெரிகிறது?

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகள் பலவற்றில் இன்று வயதான பெற்றோர் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ. ரேழியில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று கேமரா மாட்டிவிட்டு, அங்கிருந்தபடி செல்போனில் பார்த்துக்கொள்கிறார்கள். இதைக் குறை சொல்ல முடியாது. குளியலறைக்குப் போன அம்மா பத்திரமாகத் திரும்பினாரா என்று அறிய அவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் கேமரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல், இருட்டில் தெரியுமா, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்றெல்லாம் விசாரிக்கும் நாம், படம் எந்த வழியாக வீட்டைவிட்டு வெளியே போகிறது என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியை வீட்டுக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. கேமராவைப் பொருத்தித் தருபவரும், பொருத்தச் சொல்லி ஊக்குவிக்கும் காவல்துறையும் ஏற்க வேண்டிய பொறுப்பு அது.

வீட்டு ரூட்டரில் இருக்கும் ஃபயர்வால், உள்ளிருந்து கிளம்பும் தொடர்பை வெளியே விடும். வெளியிலிருந்து அழையாமல் வருவதை மறிக்கும். அதைத் தாண்டி டல்லாஸில் இருக்கும் மகனுக்குப் படம் போய்ச் சேர வழக்கத்தில் இரண்டு வழிகள். முதலாவது, ரூட்டரில் போர்ட் எனப்படும் வாசல் ஒன்றைத் திறந்து, கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரை நேராக இணையத்தோடு இணைத்துவிடுவது. மகனுக்கென்று திறந்த போர்ட் உலகத்துக்கே திறந்ததுதான். ஷோடான் போன்ற தேடுபொறிகள் இப்படித் திறந்து கிடக்கும் கருவிகளை ஓயாமல் பட்டியலிடுகின்றன. பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கருவிகள் பலவற்றில் தெரியவந்த ஓட்டைக்குள் நுழைய பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. இரண்டாவது வழியில், கேமராவே உள்ளிருந்து தயாரிப்பாளரின் சர்வரைத் தொடர்புகொண்டு அதன் மூலம் படத்தை அனுப்புகிறது. ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தரும் இணைய இணைப்புகளில் போர்ட் திறப்பது பலிக்காது என்பதால், இப்போது பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. பல கேமராக்களில் சீரியல் எண்ணும் சரிபார்ப்புக் குறியீடும் அந்த ஒரே ஸ்டிக்கரில் இருக்கின்றன. பொருத்த வந்தவர் தன் செல்போனில், தன் கணக்கில் அதைப் பதிவு செய்துவிட்டுப் போனால் கேமராவின் உரிமையாளர் யார்? யோசித்துப் பாருங்கள்.

‘எங்கள் கூடத்தில் பார்க்க என்ன இருக்கிறது?’ என்பார்கள். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் யூடியூபில் துணுக்குகளாக வந்து, டெலிகிராமில் விலைக்குப் போயின. பூட்டாக இருந்தது ‘அட்மின்123’ என்ற பாஸ்வேர்டு என்று செய்திகள் கூறின. வாங்குபவர் இருந்தால் எந்த அறையும் சரக்குதான். வீட்டில் எப்போது யாரும் இல்லை என்பதைச் சொல்லும் காட்சிக்கும் மதிப்பு உண்டு. கேமரா படத்துக்கு மட்டும் பயன்படுவதும் இல்லை. 2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைத் தடுமாற வைத்த தாக்குதலில் படையாகத் திரட்டப்பட்டவை, ஆலையில் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களும் டிவிஆர்களும்தான். பெரிய நிறுவனத்தின் சர்வரை நம்பலாமே என்பது அடுத்த வாதம். திறந்த போர்ட்டைவிட அது மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே பெண் வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காட்சிகளை மாதக்கணக்கில் பார்த்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் குற்றம்சாட்ட, நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இப்படியெல்லாம் பயமுறுத்தினால் கேமராவே வேண்டாமென்று மக்கள் விட்டுவிடுவார்கள், திருடனுக்குத்தான் கொண்டாட்டம் என்று காவல்துறை சொல்லக்கூடும். திருச்சிக்காரர்களுக்கு 2019 அக்டோபர் 2 மறந்திருக்காது. சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரியின் சுவரில் துளையிட்டுப் புகுந்தவர்கள் விலங்கு முகமூடி அணிந்திருந்தார்கள். கேமரா பார்த்தது முகமூடிகளை. துப்புத் துலங்கியது மறுநாள் திருவாரூரில் நடந்த வாகனச் சோதனையில் ஒருவர் நகைகளோடு சிக்கிய பிறகு. கேமரா வீண் என்பதல்ல இதன் பொருள். விசாரணைக்கு வேண்டியது டிவிஆரின் ஹார்டு டிஸ்கில் இருக்கும் பதிவு. அதற்கு இணையமே தேவையில்லை. நேரலை வேண்டியது பிள்ளைகளுக்கு. ஃபயர்வாலை இறுக்குவதால் காவல்துறை இழப்பது ஒன்றுமில்லை.

அரசு கண்மூடி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2025 ஏப்ரல் 9 முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறாத கேமராவை இந்தியாவில் விற்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் ஏற்கெனவே சுவரில் இருக்கும் கேமராவை அது தொடாது. பொருத்துபவர் ரூட்டரில் என்ன செய்துவிட்டுப் போனார் என்பதையும் கேட்காது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சொந்த, வீட்டு உபயோகத்தைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. இந்த இடைவெளியை நிரப்பப் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு பில் போதும். எந்த போர்ட்டும் திறக்கப்படவில்லை, பாஸ்வேர்டை வீட்டுக்காரரே மாற்றினார், கணக்கு அவர் எண்ணில்தான் இருக்கிறது என்று பொருத்துபவர் பில்லிலேயே எழுதிக் கையெழுத்திடட்டும். கொஞ்சம் விஷயம் தெரிந்த பிள்ளைகள் கேட்டால் ரூட்டரில் விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டு இணைப்புக்குள் வர மறையாக்கப்பட்ட தனிவழி, அமைத்துத் தரட்டும். அதற்குத் தனிக்கூலி வாங்கினாலும் தகும். தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொல்லும் காவல் நிலையங்கள் கூட்டம் போடும்போது அந்தக் கையெழுத்தையும் கேட்கட்டும். கூடத்தில் இருக்கும் கேமராவுக்கு மட்டும் நான்காவதாக ஒன்று சேர்க்கலாம்: அதை அணைக்கும் சுவிட்ச், அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில்.