காமிராவைக் கண்டு பயந்த லண்டன் போலீஸ்!

லண்டனுக்குப் போகிறவர்கள் சிவப்பு மாடி பஸ்சைப் படம் பிடிக்காமல் ஊர் திரும்புவது இல்லை.

2009-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த ஒருவர், தன் மகனோடு லண்டனைச் சுற்றிப் பார்க்க வந்தார். மகன் பள்ளிக்கூடத்துப் பையன். வால்தம்ஸ்டோ என்ற பகுதியில் பஸ் நிலையத்தையும் பஸ்களையும் இருவரும் ஆசையாகப் படம் பிடித்தார்கள்.

உடனே போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். போக்குவரத்து சம்பந்தமான எதையும் படம் எடுக்கக் கூடாது என்றார்கள். பெயரைக் கேட்டார்கள், பாஸ்போர்ட் நம்பரைக் கேட்டார்கள், தங்கி இருக்கும் ஓட்டலின் விலாசத்தையும் எழுதிக்கொண்டார்கள். கடைசியில், காமிராவில் உள்ள படங்களை எல்லாம் அழிக்கச் சொன்னார்கள். அப்பாவும் பிள்ளையும் அழித்தார்கள். அயலூரில் வேறு என்ன செய்வார்கள்?

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பஸ்சைப் படம் பிடிக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் ஒரு சட்டமும் கிடையாது. ஒருவர் எடுத்த படத்தை அழிக்கும்படி செய்ய நடுத்தெருவில் நிற்கும் போலீஸ்காரருக்கு அதிகாரமும் கிடையாது!

பிறகு ஏன் இப்படி நடந்தது?

44-வது பிரிவு

இங்கிலாந்தில் போலீஸ்காரர் ஒருவரை நிறுத்திச் சோதனை போட வேண்டும் என்றால் பொதுவாக ஒரு காரணம் வேண்டும். "இவன் திருடி இருப்பான்", "இவனிடம் கத்தி இருக்கும்" என்று நினைப்பதற்கு ஏதாவது ஓர் அடையாளம் இருக்க வேண்டும். வெறும் சந்தேகம் போதாது. நியாயமான சந்தேகம் வேண்டும்.

2000-ம் ஆண்டில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 44-வது பிரிவு இந்த வேலியை எடுத்துவிட்டது. போலீஸ் மேலதிகாரி ஒருவர் ஒரு வட்டாரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த வட்டாரத்தில் யாரை வேண்டுமானாலும், எந்தக் காரணமும் இல்லாமல், நிறுத்திச் சோதனை போடலாம். மறுத்தால் ஜெயில்!

அந்தக் கையெழுத்து 28 நாளைக்குத்தான் செல்லும். ஆபத்தான வேளையில் கொஞ்ச நாளைக்கு என்று எண்ணித்தான் பார்லிமெண்டில் இதற்குச் சம்மதித்தார்கள். ஆனால் நடந்தது என்ன? 2001-ம் ஆண்டு பிப்ரவரியில் இருந்து, லண்டன் நகரம் முழுவதற்கும் 28 நாளைக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் கூட இடைவெளி இல்லை. இப்படி ஓர் உத்தரவு இருப்பதே ஊர் மக்களுக்குத் தெரியாது.

கையில் பெரிய காமிராவோடு நிற்பவர்கள் இந்த வலையில் சுலபமாக மாட்டினார்கள். 2009 நவம்பரில் செயின்ட் பால் தேவாலயத்தின் அருகே மாலைச் சூரியனைப் படம் பிடித்த ஒரு போட்டோகிராபரைப் போலீசார் மடக்கினார்கள். அவர் பி.பி.சி. நிறுவனத்துக்காகப் பல பெரிய மனிதர்களைப் படம் எடுத்தவர். சூரியன் மறைவதைப் படம் எடுத்தால் யாருக்கு என்ன ஆபத்து?

போலீஸ் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. 2005-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி காலையில் லண்டன் பாதாள ரெயில்களிலும் ஒரு பஸ்சிலும் குண்டுகள் வெடித்தன. 52 பேர் மாண்டார்கள். குண்டு வைக்கிறவன் முன்கூட்டியே இடத்தை நோட்டம் பார்ப்பான். அதற்குப் படம் எடுத்தாலும் எடுப்பான் என்று போலீசார் பயந்ததைத் தப்பு என்று சொல்ல முடியாது. விசித்திரமாகப் படம் எடுக்கும் ஆளைக் கண்டால் தகவல் கொடுங்கள் என்று 2008-ல் லண்டன் போலீசார் சுவரொட்டியே ஒட்டினார்கள்.

ஆனால் கெட்ட எண்ணம் உள்ளவன் மூன்று கால் ஸ்டாண்டை நட்டுவைத்து, நாலு பேர் பார்க்க, பட்டப்பகலில் படம் எடுப்பானா? 2009 மார்ச் மாதத்தில் கூகுள் கம்பெனி, கார் மேல் காமிராவைக் கட்டி லண்டன் தெருக்களில் ஓட்டி எடுத்த படங்களை உலகமே பார்க்கும்படி வெளியிட்டது. கம்பெனிக்கு இல்லாத தடை, அடுத்த மாதம் வந்த ஆஸ்திரியக்காரருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

கணக்கைப் பாருங்கள். 2007-08 ஆண்டில் 44-வது பிரிவின்படி நடந்த சோதனைகள் 1,17,278. 2009-10 ஆண்டில் 1,01,248. அந்த லட்சம் சோதனையில் கைதானவர்கள் 506 பேர். அதில் பயங்கரவாதக் குற்றத்துக்காகக் கைதானவர் எத்தனை பேர்? ஒருவர் கூட இல்லை!

இரண்டு பேர் போட்ட வழக்கு

எல்லாரும் முணுமுணுத்துவிட்டுப் போனபோது, இரண்டு பேர் மட்டும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

ஒருவர் கெவின் கில்லன் என்ற மாணவர். மற்றவர் பென்னி குவின்டன் என்ற பெண் பத்திரிகையாளர். 2003-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி லண்டனில் ஆயுதக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதை எதிர்த்து வெளியே ஆர்ப்பாட்டம். கில்லன் அதில் கலந்துகொள்ளச் சைக்கிளில் போனார். குவின்டன் அதைப் படம் பிடிக்கக் காமிராவுடன் போனார்.

கில்லனை நிறுத்தி, முதுகுப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். குவின்டன் தன் பத்திரிகை அட்டையைக் காட்டினார். அப்படியும் விடவில்லை. படம் எடுப்பதை நிறுத்தச் சொல்லிச் சோதனை போட்டார்கள். சோதனை 5 நிமிஷம் நடந்தது என்று போலீஸ் ரிக்கார்டு சொல்கிறது. அரை மணி நேரம் போல் இருந்தது என்று குவின்டன் சொன்னார். நடுத்தெருவில் நாலு பேர் பார்க்கப் பையைத் திறந்துகொண்டு நிற்பவருக்கு 5 நிமிஷம் அரை மணிதான்.

லண்டன் ஐகோர்ட்டில் தோற்றார்கள். அப்பீல் கோர்ட்டில் தோற்றார்கள். 2006 மார்ச்சில், அப்போது நாட்டின் உச்ச கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபையிலும் தோற்றார்கள். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவர்கள் பிரான்சு நாட்டில் ஸ்டிராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டின் கதவைத் தட்டினார்கள்.

2010-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஏழு பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள்: ஒருவருடைய சொந்த வாழ்க்கைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை இந்தச் சோதனை மீறுகிறது. போலீஸ்காரரின் மனதில் தோன்றியதே போதும் என்று விட்டிருப்பது சட்டம் ஆகாது. தவறாகப் பயன்படுத்தினால் தடுக்கத் தக்க பாதுகாப்பும் இல்லை.

சைக்கிளில் போன மாணவரும் காமிராவோடு போன பெண்மணியும் ஆறு வருஷத்துக்கு மேல் போராடி ஜெயித்தார்கள்!

காமிரா பேசியது

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இன்னொரு சட்டம் வந்தது. 2009 பிப்ரவரி 16-ந் தேதி அமலுக்கு வந்த 58-ஏ பிரிவு அது. போலீஸ்காரர், ராணுவத்தார், உளவுத் துறையார் ஆகியவர்களைப் பற்றி, பயங்கரவாதிக்கு உதவக்கூடிய தகவலைச் சேகரிப்பது குற்றம் என்று அது சொன்னது. அப்போது தண்டனை 10 ஆண்டு வரை போகலாம் என்று இருந்தது. போலீஸ்காரரைப் படம் எடுத்தாலே குற்றம் என்று ஆகிவிடுமோ என்று போட்டோகிராபர்கள் பதறினார்கள். அன்றைக்கே ஸ்காட்லாந்துயார்டு வாசலில் நூற்றுக்கணக்கானவர்கள் காமிராவும் கையுமாகக் கூடினார்கள்.

ஆறு வாரம் கழிந்தது. ஏப்ரல் 1-ந் தேதி. உலகத் தலைவர்கள் கூடும் ஜி-20 மாநாட்டை எதிர்த்து லண்டனில் பெரிய ஆர்ப்பாட்டம். பத்திரிகை விற்கும் இயான் டாம்லின்சன் என்ற 47 வயதுக்காரர், வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். ஆர்ப்பாட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. சிறிது நேரத்தில் கீழே விழுந்து இறந்தார்.

உதவிக்குப் போன போலீசார் மீது பாட்டில்கள் வீசப்பட்டன என்று அன்று இரவு போலீஸ் அறிக்கை வந்தது. முதலில் பரிசோதித்த டாக்டர், மாரடைப்பு என்றார். கதை அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் அன்று அங்கே அமெரிக்காவில் இருந்து வந்த ஒருவர் கையில் சின்னக் காமிரா இருந்தது. அவர் எடுத்த சலனப்படம் 6 நாள் கழித்துக் 'கார்டியன்' பத்திரிகை மூலம் வெளிவந்தது. கைகளைச் சட்டைப் பையில் விட்டபடி நடந்துபோகும் டாம்லின்சனை, ஒரு போலீஸ்காரர் பின்னால் இருந்து தடியால் அடித்துத் தள்ளுவதை நாடே பார்த்தது. மறுபடி நடந்த பிரேத பரிசோதனையில், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து இறந்தார் என்று தெரிந்தது.

2011 மே மாதம் விசாரணை ஜூரிகள், இது சட்ட விரோதமான மரணம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கொலை நோக்கம் இல்லாமல் மரணம் விளைவித்ததாக 2012 ஜூலையில் நடந்த வழக்கில், வேறு ஜூரிகள் அந்தப் போலீஸ்காரரை விடுதலை செய்தார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அந்தக் குடும்பத்தார் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஆண்டே அவர் வேலையில் இருந்து நீக்கப்பட்டார். 2013-ல் லண்டன் போலீஸ், குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டு நஷ்ட ஈடும் கொடுத்தது. அந்தச் சின்னக் காமிரா இல்லாவிட்டால் இதில் எது நடந்திருக்கும்?

போலீஸ் எடுத்த படம்

இன்னொரு பக்கமும் உண்டு. பொதுமக்கள் படம் எடுத்தால் கோபிக்கும் போலீஸ், பொதுமக்களைப் படம் எடுக்கலாமா?

2005-ல் ஆயுத வியாபாரத்தை எதிர்க்கும் ஆண்ட்ரூ உட் என்பவர் ஒரு கம்பெனியின் கூட்டத்துக்குப் போய்விட்டு வெளியே வந்தார். ஒரு தப்பும் செய்யவில்லை. போலீஸ் போட்டோகிராபர் அவரைப் படம் எடுத்தார். படம் போலீஸ் பெட்டியில் போய் உட்கார்ந்தது. அவர் வழக்குப் போட்டார். 2009 மே மாதம் அப்பீல் கோர்ட்டில் மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர், அந்தப் படங்களை வைத்திருந்தது தவறு என்று அவர் பக்கம் தீர்ப்பு அளித்தார்கள்.

கடிதம் போயிற்று, பழக்கம் போகவில்லை

2010 ஜனவரி 23-ந் தேதி டிரபால்கர் சதுக்கத்தில் சுமார் 2 ஆயிரம் பேர் காமிராக்களோடு கூடினார்கள். "நான் போட்டோகிராபர், பயங்கரவாதி அல்ல" என்பது அவர்கள் இயக்கத்தின் பெயர். ஜூலை 8-ந் தேதி, உள்நாட்டு மந்திரியாக இருந்த தெரசா மே, காரணம் இல்லாமல் ஆட்களைச் சோதனை போடும் முறையை நிறுத்துவதாகப் பார்லிமெண்டில் அறிவித்தார். 2012-ல் 44-வது பிரிவே ரத்து ஆனது. அதற்குப் பதிலாக வந்த பிரிவில், தாக்குதல் நடக்கும் என்று மேலதிகாரி நியாயமாகச் சந்தேகித்தால்தான், அதுவும் 14 நாள் வரைதான், அனுமதி கொடுக்கலாம். 2017 செப்டம்பரில் லண்டன் பாதாள ரெயிலில் குண்டு வெடித்த பிறகுதான் முதல் தடவையாக அதைப் பயன்படுத்தினார்கள்.

ஆகவே, இங்கிலாந்தில் பொதுத் தெருவில் படம் எடுக்க லைசென்ஸ் வேண்டாம். போலீஸ்காரரையும் எடுக்கலாம். கோர்ட்டுக்குள் எடுக்கக் கூடாது. 1925-ம் ஆண்டில் இருந்தே தடை. ராணுவ இடங்களுக்குத் தனிச் சட்டம். கடை வளாகம் போன்ற தனியார் இடத்தில் சொந்தக்காரர் வேண்டாம் என்றால் வெளியே வந்துவிட வேண்டும். பெண்களின் உடைக்குக் கீழே மறைவாகப் படம் எடுக்கும் அயோக்கியர்களுக்கு 2019-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அது வர வேண்டிய சட்டம்தான்.

சந்தேகத்துக்கு உரியவர் என்று தக்க காரணத்தோடு நினைத்தால், 43-வது பிரிவின்படி போலீசார் இப்போதும் ஆளைச் சோதித்துக் காமிராவில் உள்ள படங்களைப் பார்க்கலாம். பார்க்கலாம், அழிக்கக் கூடாது.

இதெல்லாம் தெருவில் நிற்கும் போலீஸ்காரருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. படம் எடுப்பவர்களைத் தொல்லை செய்யாதீர்கள் என்று 2009 டிசம்பரிலேயே ஆண்டி டிராட்டர் என்ற உயர் அதிகாரி நாடு முழுவதும் உள்ள போலீஸ் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆறு மாதம் கழித்து ரோம்போர்டு என்ற ஊரில் ராணுவ தின அணிவகுப்பைப் பள்ளி வயதுப் பையன் ஒருவன் படம் எடுத்தான். போலீசார் தடுத்தார்கள். முதலில் குழந்தைகளை எடுக்கக் கூடாது என்றார்கள். பிறகு ராணுவத்தை எடுக்கக் கூடாது என்றார்கள். பிறகு பயங்கரவாதச் சட்டம் என்றார்கள். எந்தச் சட்டம், எந்தச் சட்டம் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவ்வளவு பேச்சையும் அவனுடைய செல்போன் பதிவு செய்துகொண்டது. பின்னால் லண்டன் போலீஸ் அவனிடம் மன்னிப்புக் கேட்டு, நஷ்ட ஈடும் கொடுத்தது.

58-ஏ பிரிவு மட்டும் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.