750 மீற்றர் கடல்: திருகோணமலைப் பெண்களும் நீந்தும் உரிமையும்

750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாமல் முடிப்பதுதான் ‘ஸ்பிரின்ட் ட்ரையத்லன்’. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட ட்ரையத்லன் போட்டியின் சரிபாதித் தூரம் இது. புதியவர்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முப்பது வயதைக் கடந்த நானும் இதற்குத்தான் பயிற்சி எடுத்துவருகிறேன்.

திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளிப் பக்கம் ஓடினால் ஏறக்குறைய 5 கிலோமீற்றர். சைக்கிளில் நிலாவெளியைத் தாண்டிச் சற்றுப் போனால் 20 கிலோமீற்றர். ஆனால் எனக்குத் தெரிந்த பெண்கள் யாரும் இந்தத் தூரங்களைப் பற்றிக் கேட்கவில்லை. என்ன உடுப்போடு கடலில் இறங்குவது, தனியாகவா போவது, நேவி ஒன்றும் சொல்லாதா என்றுதான் கேட்டார்கள். இந்த மாவட்டத்தில் கடல் யாருக்குரியது என்ற கேள்விதான் இம்மூன்றுக்கும் அடியில் இருக்கிறது.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி உலகம் பேசாத நாளில்லை. 1957இல் பிரித்தானியர் கையளித்துவிட்டுப் போன தளம் இன்று இலங்கைக் கடற்படையின் கையில் இருக்கிறது. எண்ணெய்க் குதங்கள் பற்றி 2022 ஜனவரியில் இந்தியாவுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வல்லரசுகளின் கணக்கில் இந்தக் கடல் எப்போதும் இருக்கிறது. இதன் கரையில் பிறந்த பெண்ணுக்கு நீந்தத் தெரியுமா என்பது மட்டும் எவருடைய கணக்கிலும் இல்லை.

அது உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. அடுத்த மார்ச்சில் ஒக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை, பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்ததைக் காட்டியது. தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் இறந்த ஆண்கள் 146 பேர். பெண்கள் 391 பேர். பிள்ளைகளைத் தேடி நின்றது, அலை வந்த நேரத்தில் வீட்டிலும் கரையிலும் இருந்தது எனக் காரணங்கள் பல. இலங்கையைப் பொறுத்தவரை இன்னொன்றையும் அந்த அறிக்கை சொன்னது: நீந்தவும் மரம் ஏறவும் இங்கு பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்படுகிறது. ஒவ்வொரு டிசெம்பரிலும் விளக்கேற்றுகிறோம். அந்த ஒரு வரியைத் திருத்த என்ன செய்தோம்?

கரைக்குப் போவதே இங்கு பலருக்கு இலகுவான காரியமல்ல. போர்க்காலத்தில் கடலில் இறங்கப் ‘பாஸ்’ தேவைப்பட்டது. 2006 ஜனவரி 2 மாலை, கடற்கரையில் காந்தி சிலையருகே ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். பொழுது சாய்ந்தபின் பிள்ளையைக் கடற்கரைக்கு அனுப்பத் தயங்கும் தாயைக் கட்டுப்பெட்டி என்று சொல்லிவிட முடியாது. அவருடைய தயக்கத்துக்குத் திகதியும் இடமும் உண்டு.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி வீதியில் நிற்கும் பெண்களின் ஊரில், நுண்கடன் கழுத்தை நெரிக்கும் ஊரில், நீச்சலும் ஓட்டமும் ஆடம்பரம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அலை வந்தபோது ஓட வேண்டியிருந்ததும் இதே பெண்கள்தான். உப்புவெளியில் வெளிநாட்டுப் பெண்கள் நீந்தும்போது அது சுற்றுலா வருமானமாகிறது. அதே கடலில் உள்ளூர்ப் பெண் இறங்கினால் மட்டும் ஏன் அது ஆடம்பரமாகவோ அடங்காமையாகவோ ஆகிறது?

வழி இல்லாமலில்லை. அமெரிக்காவில் 1990இல் பெண்களுக்கென்றே தொடங்கிய ‘டான்ஸ்கின்’ ட்ரையத்லன் தொடர், விளையாட்டு வீராங்கனைகளாகத் தம்மை எண்ணிப் பார்த்திராத பெண்களையும் தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுவந்தது. இலங்கையின் தென்கரையில், ஆழிப்பேரலைக்குப் பிறகு கிறிஸ்டினா பொன்பே தொடங்கிய திட்டம் பெண்களுக்கு இலவசமாக நீச்சல் கற்றுக்கொடுத்தது. கிழக்கிலேயே அறுகம்பேயில் 2018இல் நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் உருவானது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: பெண்கள் கூட்டமாகத் தண்ணீரில் இறங்கினார்கள். தனியாக இறங்குபவளை ஊர் பார்க்கும். இருபது பேர் இறங்கினால் அது வகுப்பு.

கடல் நீச்சல் வேறு வித்தை. தடாகத்தின் அடியில் கோடு தெரியும், கடலில் தெரியாது. சில கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரையில் ஓர் அடையாளத்தைப் பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும். நீரோட்டத்தை அறிய வேண்டும். இதைத் தனியாகக் கற்பது ஆபத்து. பயிற்றுநரும் உயிர்காப்பாளரும் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்ற இரண்டு பகுதிகளுக்கும் ஒரு சாதாரண சைக்கிள், தலைக்கவசம், சப்பாத்து இருந்தால் தொடங்கிவிடலாம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் சைக்கிளை மறுபடி வெளியே எடுத்த வீடுகள் பல.

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல: தமிழில் கற்பிக்கும் பெண் பயிற்றுநர்கள், வாரத்தில் சில காலைகளில் கரையின் ஒரு பகுதியில் பாதுகாப்பான நேரம், தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் எவரும் தமக்கு இசைந்த உடையில் இறங்கும் சுதந்திரம், கடலோரப் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. பாடசாலையும் விளையாட்டும் மாகாணத்தின் பொறுப்பில் உள்ளவை. ஆனால் அதன்பின் பல ஆண்டுகளாக அவை ஆளுநரின் கீழேயே நடந்தன. ஆகவே இந்தக் கோரிக்கையைத் தேர்தல் மேடைகளில் மட்டுமல்லாமல், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களிலும் மாதர் சங்கங்களிலும் இப்போதே எழுப்ப வேண்டும்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஐந்து மாதம். ஒரு பெண் நீந்தக் கற்றுக்கொள்ள அது போதுமான காலம்.