கருப்புப் புலி ரீல்ஸுக்கு ஹார்ட் போடுறீங்களா? அதோட டி.என்.ஏ வேற கதை சொல்லுது!

இன்ஸ்டாவில் அந்தப் புலியை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆரஞ்சு உடம்பில் மை பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி, பட்டைகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கிட்டத்தட்ட முழுக்கக் கருப்பு. கமென்ட் முழுக்க ஃபயர் எமோஜி. செம கெத்துதான், மறுப்பதற்கில்லை.

ஆனால், இது கொஞ்சம் கவலைப்பட வேண்டிய கெத்து.

இந்தப் புலிகள் காட்டில் வாழ்வது ஒடிசாவின் சிம்லிபால் காப்பகத்தில். 2023-24-ல் ஒடிசா அரசு எடுத்த கணக்குப்படி அங்கே வளர்ந்த புலிகள் 27. அதில் 13 கருப்பு. கிட்டத்தட்ட பாதி! உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத நிறம், ஒரே ஒரு காட்டில் மட்டும் எப்படி இவ்வளவு சகஜமானது?

எச்சத்தில் இருக்கும் ஜாதகம்

இதற்கு விடை தேடியவர்கள் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் விஞ்ஞானி உமா ராமகிருஷ்ணனும் அவரது குழுவும். புலியைப் பிடித்து ஊசி போட்டு ரத்தம் எடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா? அதனால், காட்டுப் பாதையில் கிடக்கும் புலியின் எச்சம், உதிர்ந்த முடி போன்றவற்றிலிருந்தே டி.என்.ஏ-வைப் பிரித்தெடுப்பது இவர்கள் ஸ்டைல். எந்தப் புலி, யாருக்குச் சொந்தம், எந்தக் கூட்டத்தோடு தொடர்பு என ஒரு முழு ஜாதகமே அதில் கிடைத்துவிடும்.

வினய் சாகர் முதன்மை ஆசிரியராக இருந்து 2021-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை இதற்கு பதில் சொன்னது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட ஒரு சின்ன மாற்றம்தான் காரணம். அம்மா, அப்பா ரெண்டு பேரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் குட்டி கருப்பாகப் பிறக்கும். நம்ம வண்டலூர் பூங்காவில் இருந்த கருப்புப் புலிகளின் வம்சத்திலும் சிம்லிபால் ரத்தம் இருப்பதாக அந்த ஆய்வு காட்டியது.

'சொந்தத்துல கல்யாணமா?'

ஆஸ்பத்திரியில் சில ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி இதுதானே? சிம்லிபால் புலிகளிடமும் அதையே கேட்கலாம். சில புலிகள் மட்டுமே மிஞ்சிய ஒரு காடு. வெளியிலிருந்து புதுப் புலி வருவதற்கு வழியில்லை. அப்போ யார் யாரோடு சேரும்? பெரியப்பா மகள், சித்தப்பா மகன் என்று உறவுக்குள்ளேயேதான்.

இன்னொன்றும் நடக்கும். பத்து கலர் கோலிக்குண்டு உள்ள பையில் கண்ணை மூடிக்கொண்டு நாலை மட்டும் எடுத்தால், சில கலர்கள் மொத்தமாகக் காணாமல் போகும். சில கலர்கள் அதிர்ஷ்டத்தில் நிறைய வந்துவிடும். சிறிய கூட்டத்தில் மரபணுக்களுக்கும் இதே கதிதான். சிம்லிபாலில் அதிர்ஷ்டம் கருப்புக்கு அடித்திருக்கிறது.

கருப்பாக இருப்பது நோய் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிடணும். பயம் வேறு இடத்தில். கண்ணுக்குத் தெரியும் நிறமே இப்படிப் பெருகினால், கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளும் அதே வழியில் பெருகலாம். ராஜஸ்தானின் ரந்தம்பூர் புலிகளிடமும் இதே குழு மற்ற இடங்களைவிட அதிக உள்கலப்பைக் கண்டது. தீங்கான மரபணுக்கள் பெருகினால் குட்டிகள் பிழைப்பது குறையும். புதுசாக ஒரு நோய் வந்தால் மொத்தக் கூட்டமும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்ளும்.

லாரியா, பாதையா?

சரி, தீர்வு? வெளியிலிருந்து புது ரத்தத்தைக் கொண்டு வருவது ஒரு வழி. 2024 இறுதியில் மகாராஷ்டிராவின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரண்டு பெண் புலிகளை சிம்லிபாலுக்குக் கொண்டு வந்தார்கள். ஜீனத் என்ன செய்தது தெரியுமா? எல்லை தாண்டி ஜார்க்கண்ட் போய், அங்கிருந்து மேற்கு வங்கம் வரை நடந்தது. மூன்று மாநில வனத்துறையும் பின்னாலேயே ஓடியது. டிசம்பர் 29 அன்று பாங்குரா மாவட்டத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, மறுபடியும் சிம்லிபாலுக்கே கொண்டு வந்தார்கள். புலியை லாரியில் ஏற்றுவது சுலபம், 'இனி இதுதான் உன் வீடு' என்று புரியவைப்பது கஷ்டம்.

ஆனாலும் இந்த வழி வேலை செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நல்ல உதாரணம் இருக்கிறது. மலைக் குள்ள பாசம் என்பது எலி சைஸில் இருக்கும் விலங்கு. கங்காரு மாதிரியே வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும். விக்டோரியா மாகாணத்தின் புல்லர் மலையில் இது அழியும் நிலைக்குப் போனபோது, 2011-ல் ஹாதம் மலையிலிருந்து சில ஆண் பாசம்களைக் கொண்டு வந்து விட்டார்கள். கலப்பில் பிறந்த குட்டிகள் எடை கூடுதலாக வளர்ந்தன, அதிகக் குட்டிகள் போட்டன, நீண்ட நாள் வாழ்ந்தன. 1996-ல் அங்கே முதன்முதலில் கண்டபோது இருந்ததைவிட எண்ணிக்கை கூடிவிட்டது என்று 2017-ல் ஆய்வாளர் ஆண்ட்ரூ வீக்ஸ் குழு எழுதியது.

இதே விலங்குக்கு இன்னொரு கதையும் உண்டு. பனிச்சறுக்கு மையத்துக்குப் போகும் ரோடு ஒன்று, ஆண் பாசம்களையும் பெண் பாசம்களையும் பிரித்துவிட்டது. 1980-களில் ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னச் சுரங்கம் போட்டுக் கொடுத்தார்கள். ஜோடிகள் மறுபடி சந்தித்தன. செல்லப் பெயர், 'காதல் சுரங்கம்'! உறவு முழுசா அறுந்த பிறகு லாரி தேவை. அறுவதற்கு முன்னாடியே பாதையைக் காப்பாற்றினால் லாரிக்கு அவசியமே இல்லை.

நம்ம மலையில் என்ன நிலவரம்?

சங்கரன்கோவில் – ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூருக்கு வாங்க. 'கரி' என்றால் யானை. ஊர் பெயரிலேயே யானை வலம் வருகிறது. ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர் ஒரே சுவர் மாதிரி தெரியும். ஆனால், அது ஒரே சுவர் இல்லை. வடக்கே 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். தெற்கே களக்காடு-முண்டந்துறை. நடுவில் செங்கோட்டைக் கணவாய். அதற்குள் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை, புனலூர் ரயில் பாதை, தோட்டங்கள், ஊர்கள்.

இந்தக் கணவாய் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு சின்னப் பறவை காட்டியது. கணவாய்க்குத் தெற்கே அசம்பு மலையில் வாழும் ஒரு நீலநிறச் சோலைக்காட்டுப் பறவை தனி இனம் என்று 2017-ல் வி.வி.ராபின் குழு அறிவித்தது. டி.என்.ஏ முக்கிய சாட்சி.

இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தப் பறவையின் பிரிவு, பல்லாயிரம் தலைமுறைகளில் இயற்கை செய்தது. அது புது இனத்தைத் தந்தது. ரோடும் வேலியும் சில பத்தாண்டுகளில் செய்யும் பிரிவு புது இனம் தராது, உள்கலப்பைத்தான் தரும். யானைகளுக்கான வழித்தடமாகப் பேசப்படும் கோட்டைவாசல் பகுதி இந்தக் கணவாயில்தான் இருக்கிறது.

'பாதை விடுங்க'ன்னு சொல்றது சுலபம். வடகரை, மேக்கரை பக்கம் யானை சாய்த்த தென்னைக்கு முன்னால் நிற்கும் விவசாயியிடம் டி.என்.ஏ பாடம் எடுக்க முடியாது. இழப்பீடு நேரத்துக்குக் கையில் வந்தால்தான் அவரும் இந்தப் பாதையின் பக்கம் நிற்பார். ரோடே வேண்டாம் என்பதும் பேச்சில்லை. பென்ச் காப்பகம் வழியாகப் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் விலங்குகளுக்காகக் கட்டிய பாலங்களுக்கு அடியில் புலிகள் கடந்து போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. ரோடு போடும்போதே திட்டமிட்டால் ரெண்டும் நடக்கும்.

தமிழ்நாட்டில் 2006-ல் 76 புலிகள், 2022-ல் 306. கொண்டாட வேண்டிய உயர்வுதான். ஆனால், அடுத்த கணக்கெடுப்பு ஸ்டேட்டஸை ஷேர் பண்ணும்போது, 'எத்தனை புலி?' என்பதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்க: 'இந்தப் புலி பக்கத்துக் காட்டுக்கு நடந்து போக முடியுமா?'