கத்தியா, ரோபோவா?

ஊரிகம் ரயில் நிலையத்தில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயல்காரர்கள் பலருக்குப் பிழைப்பு சுமார் 100 கி.மீ. தள்ளியுள்ள பெங்களூரில்தான். பெரிய வைத்தியத்துக்கும் அதே ரயில்தான். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட ஒருவர் இந்த ரயிலை எத்தனை முறை பிடிக்க வேண்டும் என்பதை, பல சமயம் ஒரு மெல்லிய குழாய் தீர்மானிக்கிறது.

சிறுநீரக மாற்று நமக்குப் புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1971-லேயே வெற்றிகரமாகச் செய்து காட்டியது. ஆனால் புதுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தாலும், அதிலிருந்து மூத்திரப்பைக்குப் போகும் குழாய் காலை வாரிவிடலாம். நம் சொந்தக் குழாய்க்குப் பல இடங்களிலிருந்து ரத்தம் வருகிறது. மாற்றிப் பொருத்திய குழாய்க்கோ சிறுநீரகத்தின் ரத்த நாளம் ஒன்றே கதி. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வயல்போல, மூத்திரப்பையோடு தைத்த நுனி வாடிச் சுருங்கிவிடும். நூறு பேரில் சிலருக்கு இப்படி நேர்கிறது.

இதில் ஆபத்து, வலி தெரியாததுதான். மாற்றும்போதே சிறுநீரகத்தின் நரம்புகள் துண்டிக்கப்பட்டுவிடுகின்றன. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவதும், ஸ்கேனில் தெரியும் வீக்கமுமே எச்சரிக்கை. அடிவயிற்றின் வழியே டியூப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றி, முதலில் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறார்கள். சிறிய சுருக்கமானால் பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்தாலே போதும். நீளமானதென்றால், அல்லது மறுபடி அடைத்துக்கொண்டால், ஆபரேஷன்தான்.

கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மீதியை மூத்திரப்பையில் மறுபடி தைப்பார்கள். நீளம் போதாவிட்டால் நோயாளியின் பழைய குழாயையே இணைப்பார்கள். அல்லது மூத்திரப்பையின் ஒரு பகுதியைச் சுருட்டிக் குழாயாக்குவார்கள்.

திறந்த ஆபரேஷனில் பழைய தழும்பையே மறுபடி கிழிக்க வேண்டும். ரோபோவுக்குச் சில துளைகள் போதும். உள்ளே இருப்பது டாக்டருக்குப் பெரிதாகத் தெரியும். ரத்த இழப்பு குறைவு; சீக்கிரம் வீடு திரும்பலாம். உடல் சிறுநீரகத்தை நிராகரிக்காதிருக்கச் சாப்பிடும் மருந்துகளால் இவர்களுக்குப் புண் மெதுவாகத்தான் ஆறும் என்பதால் சிறிய காயம் பெரிய லாபமே.

ஆனால் குழாய் மறுபடி அடைபடாமல் இருப்பதில் ரோபோ மேல் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. இதுவரை வெளியான அனுபவங்கள் பெரும்பாலும் சிறு எண்ணிக்கையிலான, தேர்ந்தெடுத்த நோயாளிகளைப் பற்றியவை. செலவோ அதிகம். தழும்பு கெட்டியாகிச் சிறுநீரகத்தோடு குழாயும் ஒட்டிக் கிடந்தால், ரோபோவில் தொடங்கியதைத் திறந்து முடிக்க வேண்டியும் வரலாம்.

எனவே நோயாளி கேட்க வேண்டிய கேள்வி, “ரோபோ இருக்கிறதா?” என்பதல்ல. “இந்த ஆபரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி அடைத்தது?” என்பதுதான். பழகிய கை திறந்து செய்தாலும் சிறுநீரகம் பிழைக்கும். தங்கம் வெட்டியவர்களின் பிள்ளைகள், கழுத்துத் தங்கத்தை அடகு வைக்கும் முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது. அதைவிட முக்கியம், வலி இல்லையே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதிருப்பது.