முகத்துவாரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர்



ஆறு கடலில் கலக்கும் இடத்தில் எத்தனை வகை மீன் வாழ்கிறது? எளிய கேள்விதான். ஆனால் விடை தேடிப் போனவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். வலை வீசினால், அந்த வலைக்குச் சிக்குகிற மீன்தான் கணக்கில் வரும். கண்ணியில் நழுவும் குஞ்சும், சேற்றில் வளை தோண்டிக் கிடக்கும் உளுவையும் விட்டுப்போகும். மூழ்கிப் பார்க்கலாம் என்றால், கலங்கல் நீரில் நீட்டிய கை தெரியாது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த மீன், வடியும்போது வெளியே போய்விடும். இந்தச் சிக்கலுக்குக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு புதிய வழி பிறந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

மீன் நீந்தும் இடமெல்லாம் தன் உடம்பில் கொஞ்சம் விட்டுச் செல்கிறது: வழுவழுப்பு, செதில் துணுக்கு, கழிவு. அவற்றில் உள்ள செல்களோடு அதன் டி.என்.ஏ.வும் நீரில் கலக்கிறது. ஆய்வாளர் செய்வது இதுதான். ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் எடுத்து, கண்ணாடி இழையாலான மெல்லிய வடிதாளில் வடிகட்டுகிறார். தாளில் தங்கியதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழகிப்போன அதே பி.சி.ஆர். முறையில் பெருக்குகிறார். பிறகு அதன் எழுத்துவரிசையைப் படித்து, ஏற்கெனவே பதிவாகியுள்ள மீன்களின் வரிசையோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறார். ஒரு மீனையும் பிடிக்க வேண்டியதில்லை.

மீன்களுக்கென்று இந்த முறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் சிபா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மசாகி மியா. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 170 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு பகுதி, இனத்துக்கு இனம் மாறுபடுகிறது. அதன் இருபுறமும் உள்ள பகுதிகளோ பெரும்பாலான மீன்களில் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே அந்த இருபுறத்தையும் பற்றிக்கொண்டால், நடுவிலுள்ளதை அநேகமாக எந்த மீனிலிருந்தும் எடுத்துவிடலாம். 2015இல் மியா குழுவினர் ஒகினாவாவின் சுராவுமி மீன்காட்சியகத் தொட்டிகளில் இதைச் சோதித்தார்கள். அங்கே என்னென்ன மீன் இருக்கிறது என்பது முன்பே தெரியும் அல்லவா? ஒப்பிட்டுப் பார்க்க வரிசை கைவசமிருந்த 180 இனங்களில் 168 இனங்களைத் தண்ணீரே காட்டிக்கொடுத்தது.

அடுத்து கடலில். ஜப்பானின் மைசுரு விரிகுடாவில் 47 இடங்களில் ஆறு மணி நேரத்துக்குள் தண்ணீர் சேகரித்தார்கள். 128 மீன் இனங்கள் தெரியவந்தன. அங்கே 14 ஆண்டுகள் மூழ்கி மூழ்கிக் கண்ணால் கண்டு எழுதிய பட்டியலில் 62.5 சதவீத இனங்கள் இந்த ஒருநாள் வேலையில் அகப்பட்டன. அந்தப் பட்டியலில் இல்லாத இனங்களும் வந்தன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விட்டுப்போனதையும் கவனியுங்கள். கண்ணால் காண்பதும் வேண்டும், தண்ணீரைப் படிப்பதும் வேண்டும் என்பதே இதிலிருந்து நான் கற்றுக்கொள்வது.

இந்த முறையை முகத்துவாரங்களுக்குக் கொண்டுபோனபோது கிடைத்த விடைதான் என்னை எழுத வைத்தது. ஜப்பானில் 22 ஆறுகளின் முகத்துவாரத் தண்ணீரை ஆராய்ந்த குழுவின் முடிவு ‘கன்சர்வேஷன் பயாலஜி’ ஆய்விதழில் வெளியானது. எந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் காடு அதிகமோ, அந்த ஆற்றின் வாயில் அழியும் நிலையிலுள்ள மீன் இனங்களும் அதிகம் என்று தெரிந்தது. மீன் இருப்பது கடலோரத்தில். அதன் வாழ்வு தீர்மானமாவதோ மலையில். காடு அழிந்த சரிவிலிருந்து மண் கரைந்து வந்து குஞ்சுகள் வளரும் இடத்தை மூடுகிறது. வயலிலிருந்தும் நகரத்திலிருந்தும் உரமும் கழிவும் இறங்குகின்றன. எல்லாம் கடைசியில் வந்து சேருமிடம் முகத்துவாரம்.

இதை அறிவியலுக்கு முன்பே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. ஜப்பானின் கெசென்னுமா விரிகுடாவில் சிப்பி வளர்த்த ஷிகேயட்சு ஹதாகேயாமா. நுண்பாசிகள் பெருகிக் கடல் நீர் சிவந்துபோகும் செந்நீர்ப் பெருக்கால் சிப்பிகள் கெட்டுப்போனதைக் கண்ட அவர், 1989இல் மற்ற மீனவர்களோடு விரிகுடாவில் விழும் ஆற்றின் தலைப்பகுதிக்குப் போய், முரோனே மலையில் மரம் நடத் தொடங்கினார். 2011 சுனாமியில் தாயையும் தொழிலையும் இழந்த பிறகும் அந்த நடவு நிற்கவில்லை. கியோத்தோ பல்கலைக்கழகமும் 2003இல் தன் காட்டு ஆய்வு நிலையங்களையும் கடல் ஆய்வு நிலையங்களையும் ஒரே மையத்தின்கீழ் கொண்டுவந்தது. காட்டையும் கடலையும் தனித்தனி இலாகாவாகப் பார்க்கும் நமக்கு இது பெரிய பாடம்.

இந்த முறையின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். மீன் எத்தனை, எவ்வளவு பெரிது, சினையோடு இருக்கிறதா என்று டி.என்.ஏ. சொல்லாது. சாக்கடை வழியே வந்த சமையலறைக் கழிவிலுள்ள மீனும் பட்டியலில் ஏறிவிடலாம். கலங்கல் நீர் வடிதாளைச் சீக்கிரம் அடைத்துவிடும். எந்த ஓதத்தில் எடுத்தோம் என்பதும் முக்கியம், ஏனென்றால் ஓதம் ஏறும்போது கடலின் நீர் உள்ளே வந்திருக்கும். வெளியிலிருந்து வேறு டி.என்.ஏ. ஒட்டிக்கொள்ளவும் கூடும். அதனால்தான் அக்கறையுள்ள ஆய்வாளர், கையுறை மாற்றி மாற்றி வேலை செய்வதோடு, சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டிலையும் களத்துக்கு எடுத்துப்போய் அதையும் அதேபோல வடிகட்டுவார். அதில் மீன் டி.என்.ஏ. தென்பட்டால் எங்கோ கலப்பு நேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நம் நாட்டிலும் ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. (செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம்) விஞ்ஞானிகள் ஒடிசாவின் சிலிகா ஏரியில் நீரிலுள்ள டி.என்.ஏ.வைக் கொண்டு உயிரினங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியை இப்படி ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தொடக்கம் முதல் முடிவு வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் ஆறு அது. மலைக்கும் முகத்துவாரத்துக்கும் உள்ள உறவை ஆராய இதைவிட நல்ல ஆறு வேறெங்கே? ஜப்பானிய முகத்துவாரங்களைப் போலவே நம் கழிமுகங்களிலும் மடவை மீன் வளர்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். டி.என்.ஏ. இன்று இருப்பதைச் சொல்லும். நேற்று என்ன இருந்தது என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, புன்னைக்காயல் என்று முகத்துவார ஊர்களில் இருக்கும் வாசகர்கள், முன்பு கிடைத்து இப்போது வராத மீன்களின் பெயர்களை உங்கள் ஊர் வழக்கிலேயே எழுதி அனுப்புங்கள். எந்த மாதத்தில் வரும், எந்த வலையில் விழும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து இதழில் வெளியிடுகிறோம். நாளை யாரேனும் நம் முகத்துவாரத் தண்ணீரைப் பரிசோதிக்க வரும்போது, எந்த மீனைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு பட்டியல் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்