ஸ்கேன் நார்மல், ஆகவே திமிர்

போன ஞாயிற்றுக்கிழமை தில்லி ஜனக்புரியில் எங்கள் பிளாக் பூங்காவில் பென்ஷன் வாங்கும் மாமா ஒருவர் தீர்ப்பு வழங்கினார். தெரிந்தவர் வீட்டுப் பையனுக்குக் காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கிறதாம். ஃபேனுக்குள் கேமரா ஒளித்திருக்கிறார்கள் என்று அதைக் கழற்றப் போகிறானாம். "எம்ஆர்ஐ எடுத்தாச்சு, தைராய்டு பாத்தாச்சு, பி12 பாத்தாச்சு. எல்லாம் நார்மல். உடம்புல ஒண்ணுமே இல்லேன்னா அப்புறம் என்னய்யா வியாதி? திமிரு. ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா தானா அடங்கிடுவான்." பெஞ்சில் இருந்த தலைகள் எல்லாம் ஆடின.

இந்த மாமாவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மே மாத வெயிலில் அது வந்துவிட்டால் திரையை இழுத்துவிட்டு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிப் படுத்துவிடுவார். மாமி குக்கர் வைக்கவே பயப்படுவாள். அவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். நார்மல்! அவரைத் திமிர் பிடித்தவர் என்று யாரும் சொல்லவில்லை. கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகும் என்றும் சொல்லவில்லை. அதுதான் ஏற்கெனவே ஆகிவிட்டதே.

மனநோய்க்கு டாக்டர் எதற்கு ஸ்கேன் எழுதுகிறார்? கட்டி, வலிப்பு, தைராய்டுக் கோளாறு, கிருமித் தொற்று என்று வேறு ஏதாவது இப்படி வேஷம் போடுகிறதா என்று பார்க்கத்தான். அவை இல்லை என்று தெரிந்த பிறகுதான் மனச்சிதைவு பற்றிய பேச்சே ஆரம்பிக்கிறது. நம் ஆட்களோ அந்த ரிப்போர்ட்டை நன்னடத்தைச் சான்றிதழாக நினைத்துக்கொண்டு, அதோடு டாக்டரையும் மறந்துவிடுகிறார்கள்.

கண்ணில் படாத காரணம் கிடையவே கிடையாது என்று நினைத்து மருத்துவம் படித்தவர்களே பலமுறை சூடுபட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய மனநல விடுதிகளை நிரப்பிய ஒருவகைப் பைத்தியத்துக்கு மூளையில் சிஃபிலிஸ் கிருமிதான் காரணம் என்று 1913இல் நோகுச்சி, மூர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதுவரை அந்த நோயாளிகள் என்னென்ன பட்டம் வாங்கியிருப்பார்கள்! 2007இல் நரம்பியல் மருத்துவர் ஹோசே டால்மாவ் குழுவினர், மூளையை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தாக்கும் ஒரு நோயை விவரித்தார்கள். அதில் பல பேருக்கு எம்ஆர்ஐ நார்மலாகவே இருக்கும். ஆனால் பிரமையும் பிதற்றலும் இருக்கும். பூங்கா பெஞ்சுக்கு அவர்களும் திமிர் பிடித்தவர்கள்தான்.

வெறும் திமிர் என்றால் அது மாத்திரைக்கு எப்படி அடங்குகிறது? 1931இலேயே கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற மருத்துவர்கள் சர்ப்பகந்தா வேர் மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுவதாக எழுதினார்கள். 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் வந்தது. இன்று டோபமினைத் தடுக்கும் மருந்துகளால் பெரும்பாலோருக்குக் காதுக் குரல் அடங்குகிறது. திமிருக்கு மாத்திரை உண்டென்றால் அதை முதலில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் விநியோகிக்க வேண்டும்.

டாக்டர் வேண்டாம் என்றால் அடுத்த யோசனை தயார். தில்லிக்காரர்கள் மெஹந்திபூர் பாலாஜி கோயில் என்பார்கள், நம்மவர்கள் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் என்பார்கள். கும்பிடட்டும், யார் தடுத்தது? ஒற்றைத் தலைவலிக்கு மாமாவும் கும்பிடுகிறார். கூடவே மாத்திரையும் போடுகிறார். அவர் காலில் யாரும் சங்கிலி போடவில்லை. ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போன மனநோயாளிகளுக்குப் போட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியோடு ஓட முடியாமல் கருகியவர்களில் 28 பேர் செத்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. நாக்கைத் தடை செய்யச் சட்டம் இல்லை.

கல்யாண வைத்தியம் இன்னும் கொடுமை. பாலக்காட்டிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, "நீதாம்மா சரி பண்ணணும்" என்று கையில் கொடுத்துவிடுவார்கள். சம்பளம் இல்லாத நர்ஸ். சினிமாவாவது உருப்படியாக ஏதாவது சொல்லிக் கொடுத்ததா? 2005இல் ஒரே வருஷத்தில் 'சந்திரமுகி'யும் 'அந்நிய'னும் வந்து, மனநோய் என்றால் கண்ணை உருட்டி, குரலை மாற்றி, ஆள் மாறாட்டம் செய்வது என்று ஊருக்கே பாடம் எடுத்தன. மாமா சொன்ன பையன் கண்ணை உருட்டவில்லை, பாவம். அதனால் அவன் நோயாளிப் பட்டியலில் சேரவில்லை.

இன்ஷூரன்ஸ்காரர்களும் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மனநோயை உடல்நோய் போலவே காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2017 சட்டம் சொன்ன பிறகும் பணம் தர மறுத்தார்கள்; 2021இல் தில்லி உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களில் நாலில் மூன்று பேருக்குச் சிகிச்சையே இல்லை. மருத்துவமனை தூரம், மருந்துச் செலவு என்று பல காரணம் சொல்லலாம். ஆனால் தில்லியில் தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் போய்விடலாம். சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு இருக்கிறது. வீட்டு வாசலில் நின்று போகவிடாமல் தடுப்பது இந்தப் பூங்கா ஞானம்தான். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நோய் இறுகுகிறது.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு இல்லாத குரல் கேட்கிறது என்றால் ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து வையுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. காசு கிடையாது, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.