விழுவதற்கு முன் வாருங்கள்

வயதான அம்மா ஒருவர் விழுந்துவிட்டார் என்றால், நம் ஊரில் முதலில் கேட்பது "எலும்பு முறிஞ்சுச்சா?" என்றுதான். முறியவில்லை என்றால் "சாமி காப்பாத்துச்சு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறோம். ஏன் விழுந்தார், முன்பும் விழுந்திருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. தஞ்சை மாவட்டத்தில் வெண்ணாற்றங்கரை ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த இரண்டு கேள்விகளையும் காலத்தில் கேட்டிருந்தால் நடமாடிக்கொண்டிருக்க வேண்டிய பலர், படுத்த படுக்கையாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேட்டாலும் அவர்கள் எளிதில் சொல்ல மாட்டார்கள். முழங்கையில் சிராய்ப்பைப் பார்த்து விசாரித்தால், "மவன்கிட்ட சொல்லிப்புடாதீங்க நர்சம்மா, கொல்லைப் பக்கம்கூட விடமாட்டான்" என்பார்கள். மகன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். தனியாக இருக்கும் சுதந்திரம் போய்விடுமே என்ற பயம் இவர்களுக்கு. ஆனால் ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரண்டு மடங்கு. மறைக்கப்படும் சின்ன விழுதல்தான் பெரிய விழுதலுக்கு முன்னறிவிப்பு.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருவாய் நாட்டினர். பெண்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாக மெலிகிறது. ஆணுக்கு வீக்கத்தோடு போகும் அடி, பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிவாகிவிடலாம்.

நாம் நிலையாக நிற்பதற்குக் கண், உட்காது, பாதம் மூன்றும் மூளைக்குத் தகவல் சொல்ல வேண்டும். கால் தசை தாங்க வேண்டும். கண்புரை பார்வையை மங்கவைக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை பாதத்தை மரத்துப்போகச் செய்கிறது. செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்து வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் இரவில் பாயிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். தூக்க மாத்திரையும் தள்ளாட வைக்கும். இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

நம் ஊர் வயதான பெண்கள் முழங்கால் சேற்றில் குனிந்து, பின்னோக்கி நகர்ந்தபடியே நாற்று நட்டவர்கள். தலையில் கதிர்க்கட்டோடு வரப்பில் நடந்தவர்கள். அந்த உழைப்பு முதுகையும் மூட்டையும் தேய்த்தது, உண்மை. காலுக்கு வலுவையும், தடுமாறினால் சுதாரிக்கும் திறனையும் கொடுத்ததும் அதுதான். இப்போது நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. களைக்கு மருந்து அடிக்கிறோம். வயதானவரிடம் பாசத்தோடு "நீ சும்மா உக்காரும்மா" என்கிறோம். உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை வற்றும், கால் தளரும். விழுந்துவிடுவாரோ என்று உட்கார வைப்பதே அவரை விழ வைக்கிறது.

தளர்ந்த காலுக்கு உடற்பயிற்சி கொடுத்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 25 நாடுகளில் 23,000-க்கும் மேற்பட்ட முதியோரிடம் நடந்த 108 ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு 2019-ல் தொகுத்து ஆராய்ந்தது. பங்கேற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். உடற்பயிற்சி செய்தவர்களிடம் விழும் எண்ணிக்கை சுமார் 23 சதவீதம் குறைந்திருந்தது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். பத்து எண்ணும்வரை ஒற்றைக் காலில் நிற்கலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரலாம். ஆரம்பத்தில் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

வீட்டையும் கவனியுங்கள். ஐப்பசி அடைமழையில் கொல்லையிலும் அடிபம்படியிலும் படரும் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். குளியலறையில் வழுக்கும் டைல்ஸ் போட்டவர்கள் சுவரில் ஒரு கைப்பிடியும் வையுங்கள். வாசலில் நழுவும் சாக்கு மிதியடியை எடுத்துவிடுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவெல்லாம் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

அரசிடம் ஒரு கோரிக்கை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரை, ரத்த அழுத்த மருந்தோடு பிசியோதெரபியையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. பெரிய காரியம் அது. ஆனால் நம் ஊர்களில் பிசியோதெரபி என்பது பெரும்பாலும் படுத்துவிட்டவருக்கான சிகிச்சையாகவே இருக்கிறது. அது நடமாடுபவரையும் தேடிப் போக வேண்டும். மருந்து கொடுக்க வரும் தன்னார்வலர், "இந்த வருஷம் விழுந்தீங்களா?" என்று கேட்கட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லட்டும். கைபேசியில் நேரம் பார்த்தால் போதும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள். அவரை உடனே பிசியோதெரபிஸ்டிடம் அனுப்ப வேண்டும். பரிசோதனைக்குத் தேவை ஒரு நாற்காலியும் சில நிமிடங்களும்தான்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே உங்கள் அம்மாவிடம், மாமியாரிடம், பக்கத்து வீட்டு அப்பாயியிடம் கேளுங்கள். விழுந்தேன் என்று அவர் சொன்னால் திட்டாதீர்கள், அறைக்குள் அடைக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். திரும்பி வந்ததும் அவரோடு சேர்ந்து நடங்கள்.